பதிவுக்குப் பதிவு இணைப்பு: பிங்பேக், வெப்மென்ஷன், பிளாக்கர் பட்டியல் – எதை நம்பலாம்?

வெள்ளவத்தையில் இருக்கும் ஒருவர் ஆடிவேல் விழா பற்றி எழுதுகிறார் என்று வைப்போம். கொட்டாஞ்சேனையில் இன்னொருவர் அதை வாசித்துவிட்டு, தேர் செட்டியார் தெருவில் இருந்து பம்பலப்பிட்டிக்கு வரும் வழியைப் பற்றித் தனக்குத் தெரிந்ததைத் தன் தளத்தில் விரிவாக எழுதி, முதல் பதிவுக்கு இணைப்பும் கொடுக்கிறார். இப்படி ஒரு பதில் வந்திருப்பது முதலாமவருக்குத் தெரியவே வராமல் போகலாம். 2004 இல் தொடங்கிய தமிழ்மணமும் அதற்குப் பின் வந்த திரட்டிகளும் இயங்கிய காலத்தில் புதுப் பதிவுகள் எல்லாம் ஒரே பக்கத்தில் ஓடின. பதில் பதிவு எப்படியும் கண்ணில் பட்டுவிடும். இப்போது அந்தப் பேச்சு முகநூலுக்கும் வட்ஸ்அப் குழுக்களுக்கும் போய்விட்டது. இன்னமும் சொந்தத் தளத்தில் எழுதுகிறவர்களுக்கு, யார் தங்கள் பதிவைத் தொட்டு எழுதியிருக்கிறார்கள் என்று அறிய வேறு வசதி வேண்டும். அந்த வசதிகளைப் பற்றிய மதிப்பீடு இது.

பிங்பேக், ட்ராக்பேக், வெப்மென்ஷன் மூன்றும் ‘உங்கள் பதிவுக்கு இணைப்புக் கொடுத்திருக்கிறேன்’ என்று ஒரு தளம் இன்னொரு தளத்துக்கு அறிவிக்கும் முறைகள். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். வேர்ட்பிரஸில் எழுதுபவர் வெப்மென்ஷன் ப்ளகின் என்ற துணை நிரலைப் போட்டுக்கொள்ள வேண்டும். பிங்பேக்கையும் திறந்து வைக்கலாம், ஆனால் பார்த்து ஒப்புதல் கொடுத்த பிறகே வெளியாக வேண்டும். ட்ராக்பேக்கில் நேரம் செலவழிக்க வேண்டாம். பிளாக்கரில் அறிவித்தல் வசதி இல்லை என்றே சொல்லலாம். ஆனால் அங்குள்ள வலைப்பதிவுப் பட்டியல் கருவி அருமையானது. அதைப் பாவிக்காமல் விடுவது நட்டம்.

இவற்றில் எது வேலை செய்ய வேண்டுமானாலும் பதிவின் நிரந்தர முகவரி ஒழுங்காக இருக்க வேண்டும். தமிழில் எழுதுபவர்கள் சறுக்குவது இங்கேதான்.

பிளாக்கர் தலைப்பில் இருக்கிற ரோமன் எழுத்தையும் இலக்கத்தையும் மட்டும் பொறுக்கி முகவரி செய்கிறது. முழுத் தமிழ்த் தலைப்பில் பொறுக்க ஒன்றும் இல்லாததால் ‘பிளாக்-போஸ்ட்’ என்ற பொதுப்பெயரை வைத்துவிடும். அதே மாதத்தில் இன்னொரு பதிவு வந்தால் ஒரு அடிக்கோடும் இலக்கமும் சேர்க்கும். ‘ஆடிவேல் 2019’ என்று தலைப்பிட்டால் முகவரியின் வால் வெறும் 2019. இணைப்புக் கொடுப்பவர் முகவரியைப் பார்த்து இது எந்தப் பதிவு என்று சொல்ல முடியாது. ஒரு இலக்கம் மாறி ஒட்டினால் அதே தளத்தின் வேறொரு பதிவு திறக்கும்; ‘பக்கம் இல்லை’ என்ற 404 கூட வராது, ஆகவே பிழை யாருக்கும் தெரியாது. தீர்வு எளிது. வெளியிட முன்னர் வலப்பக்க அமைப்பில் ‘பெர்மாலிங்க்’ என்பதைத் திறந்து ‘கஸ்டம்’ தெரிவு செய்து, இரண்டு மூன்று சொல்லை ரோமன் எழுத்தில் சிறுகோடு இட்டு எழுதுங்கள். வெளியிட்ட பிறகு அந்தப் பெட்டி பூட்டிக்கொள்ளும். பதிவை வரைவுக்குத் திருப்பி மாற்றலாம்தான். ஆனால் மாற்றிய நொடியில் பழைய முகவரிக்கு வெளியில் இருக்கும் இணைப்பெல்லாம் செத்துவிடும். அப்படி மாற்ற வேண்டி வந்தால் செட்டிங்ஸில் ‘கஸ்டம் ரீடைரெக்ட்ஸ்’ பகுதியில் பழையதில் இருந்து புதியதற்கு ஒரு நிரந்தரத் திருப்பம் போட்டுவிட வேண்டும்.

வேர்ட்பிரஸின் சிக்கல் வேறு மாதிரி. அது தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக்கும். ஆனால் உள்ளே சேமிக்கும்போது ஒவ்வொரு தமிழ் ஒருங்குறி (யூனிகோட்) குறியும் மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் வீதக் குறியோடு (%) மூன்று எழுத்து. ஆக ஒரு குறிக்கு 9 எழுத்து. ஸ்லக் என்ற அந்த வாலுக்கு மொத்தம் 200 எழுத்துத்தான் இடம். 22 குறியோடு இடம் முடிந்துவிடும். ‘கொ’ என்பதில் ககரம் ஒன்று, ஒகரக் குறி ஒன்று என்று இரண்டு போய்விடும். புள்ளியும் தனிக் குறி. ‘கொழும்பு ஆடிவேல் விழாவும் செட்டியார் தெருக் கோவில்களும்’ என்று ஒரு தலைப்பை எடுங்கள். ‘கொழும்பு’ 8 குறி, ‘ஆடிவேல்’ 7 குறி, நடுவில் சிறுகோடுகள் இரண்டு. அதுவரை 137 எழுத்து. மீதி 63 இல் ஏழு குறி பிடிக்கும். எட்டாவது குறியான புள்ளிக்கு இடமில்லை. முகவரி ‘விழாவும’ என்று புள்ளி இல்லாமல் அறுந்து நிற்கும், கோவில்கள் வரவே மாட்டா. இதே சொற்களில் தொடங்கும் அடுத்த பதிவுக்குக் கடைசியில் 2 சேரும். இங்கேயும் ஸ்லக்கை ரோமன் எழுத்தில் நீங்களே எழுதுவதுதான் நல்லது. வட்ஸ்அப்பில் பகிரும்போது முழத்துக்கு நீளும் வீதக் குறிச் சரமும் ஒழியும். ஒரு நல்ல விடயம்: வெளியிட்ட பின் ஸ்லக்கை மாற்றினாலும் வேர்ட்பிரஸ் பழையதை நினைவில் வைத்து, ‘நிரந்தரமாக இடம் மாறியது’ என்ற 301 பதில் மூலம் தானாகவே திருப்பிவிடும்.

இணைப்பை எடுக்கும் பக்கத்திலும் கவனம் வேண்டும். கைபேசியில் பிளாக்கர் பதிவைத் திறந்து முகவரியை எடுத்தால் கடைசியில் கேள்விக்குறியும் ‘எம்=1’ உம் ஒட்டியிருக்கும்; கணினியில் திறப்பவருக்குக் கைபேசித் தோற்றம் வரும். முகநூலில் இருந்து திறந்ததை எடுத்தால் ‘எஃப்பிகிளிட்’ என்று தொடங்கும் நீண்ட வால். இரண்டையும் கேள்விக்குறியில் இருந்து வெட்டிவிட்டு ஒட்டுங்கள். பழைய பதிவுகளில் ‘பிளாக்ஸ்பாட் டாட் இன்’ என்று முடியும் இணைப்புகள் இருந்தால் அவற்றை ‘டாட் கொம்’ ஆக மாற்றுங்கள். 2012 இல் கூகிள் நாட்டுக்கு நாடு முகவரியைத் திருப்பத் தொடங்கியபோது இந்தியாவில் இருந்து எடுத்தவை அவை. பிறகு அந்த டொமைனே கூகிளின் கையை விட்டுப் போய்விட்டதால் அவை இப்போது உரிய பதிவுக்குப் போவதில்லை.

இனிப் பிங்பேக். 2002 இல் ஸ்டுவர்ட் லாங்கரிட்ஜ், சைமன் வில்லிசன், இயன் ஹிக்சன் ஆகியோர் வகுத்தது. வேர்ட்பிரஸில் உள்ளேயே இருக்கிறது. செட்டிங்ஸில் ‘டிஸ்கஷன்’ பக்கத்தின் முதல் இரண்டு கட்டங்கள்தான்: ஒன்று அனுப்ப, மற்றது பெற. நீங்கள் பதிவை வெளியிட்டதும் வேர்ட்பிரஸ் அதில் உள்ள இணைப்புகளைத் தேடி, ஒவ்வொரு தளமும் பிங்பேக் ஏற்குமா என்று அதன் தலைப்புத் தகவலில் பார்க்கும். ஏற்கும் என்றால் ‘இந்த முகவரியில் இருந்து உங்கள் இந்த முகவரிக்கு இணைப்பு இருக்கிறது’ என்று எக்ஸ்எம்எல்-ஆர்பிசி என்ற, தளங்கள் தமக்குள் செய்தி அனுப்பும் முறை வழியாகச் சொல்லும். அந்தத் தளம் சொன்னதை அப்படியே நம்பாது. உங்கள் பக்கத்தைத் தானே எடுத்து, இணைப்பு உண்மையில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மறுமொழிகளின் வரிசையில் வைக்கும். இந்தச் சரிபார்ப்புத்தான் பிங்பேக்கின் பலம். தோல்விகள் பெரும்பாலும் நடப்பதும் இங்கேதான்.

பெறும் வேர்ட்பிரஸ் தளம் உங்கள் பக்கத்தில் முதல் 150 கிலோபைட்டை மட்டுமே எடுக்கும். தமிழ் எழுத்து மூன்று பைட் என்பதோடு, சில தீம்கள் பக்கத்தின் தலையிலேயே தோற்றத்தைத் தீர்மானிக்கும் நடைத்தாள் (சிஎஸ்எஸ்) நிரல்களைப் பெருந்தொகையாகக் கொட்டி வைக்கும். நீண்ட பதிவின் அடியில், ‘மேலும் வாசிக்க’ என்று கொடுத்த இணைப்பு அந்த எல்லைக்கு வெளியே போய்விட்டால் ‘இணைப்பு இல்லை’ என்று அந்தத் தளம் நிராகரித்துவிடும். எனவே முக்கியமான இணைப்பைப் பதிவின் முன் பகுதியில் வையுங்கள். அது வாசகருக்கும் நல்லது. அடுத்தது, பெறும் தளம் திருப்பங்களைப் பின்தொடராது. உங்கள் தளத்துக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் போட்டும் வேர்ட்பிரஸ் அமைப்பில் பழைய ‘எச்டிடிபி’ முகவரியையே விட்டிருந்தால், அனுப்பும் முகவரி ஒன்று, பக்கம் இருக்கும் இடம் இன்னொன்று. சரிபார்ப்பு அங்கேயே நின்றுவிடும்.

சில நேரம் மறுபக்கத்தில் கதவே பூட்டியிருக்கும். பழைய பதிவுகளுக்கு மறுமொழியைத் தானாக மூடும் கட்டத்தைப் பலர் ஸ்பாமுக்குப் பயந்து தெரிவு செய்வார்கள். அது பிங்பேக்கையும் சேர்த்தே மூடும் என்பது அவர்களுக்குத் தெரியாது. பத்து வருடத்துக்கு முந்திய பதிவுக்கு இன்று யாரோ எழுதும் நல்ல பதில் இப்படித்தான் தொலைகிறது. அந்தக் கட்டத்தைத் திறந்துவிட்டு, எல்லா மறுமொழிக்கும் ஒப்புதல் தேவை என்று வைப்பதே சரி. பெறும் தளம் 48 என்ற பிழை இலக்கத்தைத் திருப்பினால் கவலை வேண்டாம், அந்த இணைப்பு ஏற்கெனவே பதிவாகிவிட்டது.

எதுவும் வராமல் அமைதியாக இருந்தால் தளத்துக்கு இடம் தரும் உங்கள் ஹோஸ்டிங் நிறுவனம், பிங்பேக் வந்து சேரும் ‘எக்ஸ்எம்எல்ஆர்பிசி’ கோப்பை முடக்கியிருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. 2014 மார்ச்சில் 162,000 க்கும் மேற்பட்ட வேர்ட்பிரஸ் தளங்களின் பிங்பேக்கைத் தூண்டி ஒரே தளத்தின் மேல் ஏவிய தாக்குதலைச் சுக்குரி என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. போலி முகவரியைக் கொடுத்தால் பெறும் தளம் அதைச் சரிபார்க்கப் போகும் அல்லவா? அந்தப் போக்கையே ஆயுதமாக்கினார்கள். முடக்கிய நிறுவனத்தோடு வாதாடத் தேவையில்லை, வெப்மென்ஷனுக்குப் போய்விடலாம்.

தமிழுக்கே உரிய ஒரு வில்லங்கமும் பிங்பேக்கில் இருக்கிறது. பெறும் பக்கத்தில் காட்டுவதற்காக வேர்ட்பிரஸ் உங்கள் பதிவில் இருந்து இணைப்பையும் அதன் இரு பக்கத்துச் சொற்களையும் வெட்டி எடுத்து, சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வைத்துப் போடும். வெட்டும் அளவு பக்கத்துக்கு நூறு. அந்த நூறை அது பைட்டில் எண்ணுகிறது. ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அளவு கிடைக்கும். தமிழில் 33 குறி, நான்கைந்து சொல். இணைப்பு வைத்த சொற்கள் 100 பைட்டைத் தாண்டினால் வெட்டு ஒரு எழுத்தின் நடுவில் விழவும் கூடும். வால் சிதைந்து போகும். ஆகவே இணைப்பை முழு வாக்கியத்தின் மேல் போடாமல் இரண்டு மூன்று சொல்லின் மேல் போடுங்கள். ‘இங்கே’ என்ற ஒற்றைச் சொல்லும் வேண்டாம். ‘தேர் வரும் பாதை’ என்பதன் மேல் வைத்தால், அறிவித்தலில் வரும் நான்கு சொல்லிலேயே என்ன விடயம் என்று மற்றவருக்குத் தெரிந்துவிடும்.

உங்கள் சொந்தப் பழைய பதிவுக்கு முழு முகவரியோடு இணைத்தால் உங்களுக்கே பிங்பேக் வரும். டொமைன் பெயரை விட்டு, சாய்கோட்டில் தொடங்கும் மீதி முகவரியை மட்டும் கொடுத்தால் வராது. அனுப்புதல் உடனே நடக்காதது போலத் தோன்றினால், வேர்ட்பிரஸின் நேரப் பணிகள் யாராவது தளத்துக்கு வந்தால்தான் ஓடும் என்பதை நினைவில் வையுங்கள். வருகை குறைந்த தளத்தில் ஒரு முறை முகப்பைத் திறந்து பார்த்தாலே போதும்.

ட்ராக்பேக் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 2002 இல் சிக்ஸ் அபார்ட் நிறுவனம் மூவபிள் டைப்பில் கொண்டுவந்தது. அனுப்புபவர் தலைப்பு, சுருக்கம், முகவரி, தளப்பெயர் ஆகியவற்றைக் கையால் அனுப்புவார். பெறும் பக்கத்தில் இணைப்பு உண்மையா என்று பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்பாம் அதை விழுங்கிவிட்டது.

வெப்மென்ஷன் பிங்பேக்கின் நல்ல குணங்களை வைத்துக்கொண்டு பாரத்தைக் குறைத்திருக்கிறது. 2017 ஜனவரி 12 அன்று, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு இதைப் பரிந்துரைத் தரமாக வெளியிட்டது. எக்ஸ்எம்எல் எதுவும் இல்லை. இணையப் படிவம் போல மூல முகவரி, இலக்கு முகவரி என்று இரண்டே இரண்டு போகும். பெற்றவர் 202 என்று பதில் சொன்னால் ஏற்றுக்கொண்டார், பிறகு சரிபார்ப்பார் என்று பொருள். பிங்பேக்கில் இல்லாத முக்கிய வசதி, திருத்தம். நீங்கள் பதிவைத் திருத்திவிட்டுத் திரும்ப அனுப்பினால் மறுபக்கத்தில் இருப்பதும் புதுப்பிக்கப்படும். பதிவை நீக்கி, ‘நீக்கப்பட்டது’ என்ற 410 காட்டும்படி வைத்து அனுப்பினால் அங்கும் நீங்கும். கொழும்பில் நடக்கும் நிகழ்ச்சி பற்றி எழுதி, இடமோ நேரமோ மாறும்போது இது எவ்வளவு உதவி என்று புரியும்.

வேர்ட்பிரஸில் ‘வெப்மென்ஷன்’ ப்ளகினை நிறுவி இயக்கினால் போதும், பெறுவதும் அனுப்புவதும் தொடங்கிவிடும். பக்கத்தில் எது பெயர், எது தலைப்பு என்று கணினிக்குக் காட்டும் மைக்ரோஃபோர்மட்ஸ் குறிகள் இருந்தால் எழுதியவர் பெயரும் படமும் சேர்ந்து வரும். இல்லையென்றால் வெறும் முகவரியும் தலைப்பும்தான். தீம் தெரிவு செய்யும்போது, அந்தக் குறிகளில் ஒன்றான ‘எச்-என்ட்ரி’ இருக்கிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான்.

பிளாக்கரில் எழுதுபவர் ‘வெப்மென்ஷன் டாட் ஐஓ’ என்ற இலவசச் சேவையைப் பாவிக்கலாம். அதில் உங்கள் தள முகவரியாலேயே நுழைய வேண்டும். அதற்கு முன் தளத்தில் உங்கள் மின்னஞ்சலுக்கோ கிட்ஹப் கணக்குக்கோ, ‘இதுவும் நான்தான்’ என்று காட்டும் ‘ரெல்-மீ’ குறியோடு ஒரு இணைப்பு இருக்க வேண்டும். நுழைந்ததும் தரும் ஒற்றை வரியைத் தீம் எச்டிஎம்எல்லில் ‘ஹெட்’ பகுதிக்குள் ஒட்டுங்கள். பிளாக்கர் வார்ப்புரு எக்ஸ்எம்எல் ஆகையால், அந்த வரியின் முடிவில் மூடும் சாய்கோடு இல்லையென்றால் சேமிக்கவே விடாது. பலர் இந்த இடத்தில் கைவிட்டுவிடுகிறார்கள். விரும்பினால் பிங்பேக்குக்கும் ஒரு வரி தரும், அதையும் ஒட்டினால் வரும் பிங்பேக்கை வெப்மென்ஷனாக மாற்றி வைத்துக்கொள்ளும். குறை என்னவென்றால், வந்தவை பதிவின் கீழ் தானாகத் தெரியாது. தனி ஸ்கிரிப்ட் போட வேண்டும், அல்லது சேவையின் டாஷ்போர்டில் போய்ப் பார்க்க வேண்டும். அனுப்புவதும் கையால்தான். அப்படி அனுப்பும்போது, பதிவுக்குள் இருக்கும் முகவரியும் படிவத்தில் ஒட்டும் முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கட்டும். ஒன்றில் தமிழ் எழுத்தாகவும் மற்றதில் வீதக் குறிச் சரமாகவும் இருந்தால் சரிபார்ப்புத் தவறிவிடக்கூடும். ‘.இலங்கை’ டொமைன் வைத்திருப்பவர்களுக்கும் இதேதான். உலாவியில் தமிழில் தெரிவது ஒன்று, உள்ளே போகும், ரோமன் எழுத்திலான புனிகோட் வடிவம் இன்னொன்று; ஏதாவது ஒன்றையே எங்கும் பாவியுங்கள்.

பிளாக்கரின் வலைப்பதிவுப் பட்டியல் கருவிக்கு வருவோம். ‘லேயவுட்’ பக்கத்தில் ‘பிளாக் லிஸ்ட்’ என்று சேர்த்து, நண்பர்களின் தள முகவரிகளைக் கொடுத்தால் அவற்றின் புதுப் பதிவுகளைச் சொல்லும் ஓடையை (ஃபீட்) தானே தேடிக்கொள்ளும். ‘அண்மையில் புதுப்பிக்கப்பட்டது’ என்ற வரிசையையும் ‘கடைசிப் பதிவின் தலைப்பு’ என்ற கட்டத்தையும் தெரிவு செய்யுங்கள். 5, 10, 25 அல்லது எல்லாம் என்று எத்தனை காட்டுவது என்றும் வைக்கலாம். வேர்ட்பிரஸ் தளங்களையும் இதில் சேர்க்க முடியும். யாராவது பதிவு போட்ட சிறிது நேரத்தில் அவர் பெயர் மேலே ஏறிவிடும். திரட்டிகள் செய்த வேலையில் பெரும் பகுதியை, உங்களுக்கு வேண்டியவர்களுக்கு மட்டும், உங்கள் பக்கத்திலேயே இது செய்து தருகிறது. படமும் சுருக்கமும் வேண்டாம். டேட்டா பார்த்துப் பாவிக்கும் வாசகருக்குப் பக்கம் கனக்கும்.

யார் இணைப்புக் கொடுத்தார்கள் என்று வருகைக் கணக்கில் பார்க்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. முன்னர் பார்க்க முடிந்தது. 2020 இல் குரோம் 85 வந்ததில் இருந்து வேறு தளத்துக்குப் போகும்போது முழு முகவரியை அனுப்பாமல் டொமைனை மட்டும் அனுப்புகிறது. ஃபயர்ஃபொக்ஸும் மறு வருடம் அதையே செய்தது. எந்தத் தளத்தில் இருந்து வந்தார்கள் என்று தெரியும், எந்தப் பதிவில் இருந்து என்று தெரியாது. வட்ஸ்அப்பில் இருந்து வந்தால் அதுவும் தெரியாது. தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகிள் தரும் சர்ச் கன்சோல் கருவியில் ‘லிங்க்ஸ்’ அறிக்கை இதைவிட நல்லது. எந்தத் தளம், உங்கள் எந்தப் பக்கத்துக்கு என்று காட்டும். ஆனால் உடனுக்குடன் வராது, எல்லாவற்றையும் காட்டவும் காட்டாது.

தேடலில் மேலே வரலாம் என்று நினைத்துப் பிங்பேக் அனுப்புவதில் பயனில்லை. வேர்ட்பிரஸ் மறுமொழிப் பகுதியில் வரும் இணைப்புகளுக்கு ‘தேடலில் இதைக் கணக்கில் எடுக்காதே’ என்று சொல்லும், 2005 இல் அறிமுகமான ‘நோஃபொலோ’ குறி தானாகவே விழுந்துவிடும். பணம் தருகிறோம், பழைய பதிவில் ஒரு இணைப்புப் போடுங்கள் என்று வரும் மின்னஞ்சல்களுக்கு மறுத்துவிடுங்கள். விளம்பரமாக ஏற்பதென்றால், காசுக்குப் போட்ட இணைப்பு என்று காட்டும் ‘ஸ்பொன்சர்ட்’ குறியோ ‘நோஃபொலோ’ குறியோ போட வேண்டும்.

பிளாக்கரில் இருந்து சொந்த டொமைனுக்கு மாறுபவர்கள் முதலில் டொமைனைப் பிளாக்கரிலேயே இணைத்தால் பழைய பிளாக்ஸ்பாட் முகவரிகள் தாமாகத் திருப்பப்படும். அதே டொமைனை வைத்துக்கொண்டு வேர்ட்பிரஸுக்குப் போவதென்றால், பெர்மாலிங்க் அமைப்பை ஆண்டு, மாதம், பதிவுப் பெயர், கடைசியில் ‘டாட் எச்டிஎம்எல்’ என்று பிளாக்கர் வடிவத்திலேயே வையுங்கள். இறக்கிய பதிவுகளின் ஸ்லக் பழைய வாலோடு ஒத்திருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, மாறியிருந்தால் ‘பிளாக்-போஸ்ட்’ இலக்கங்களையே திரும்பப் போட்டுவிடுங்கள். அழகில்லைதான், ஆனால் மற்றவர்கள் உங்களுக்குக் கொடுத்த இணைப்புகள் அந்த இலக்கங்களில்தான் இருக்கின்றன.